மஞ்சளோடு மிளகு, முகத்தில் எலுமிச்சை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நோய் எதிர்ப்பாற்றலுக்காக நாள்தோறும் காலையில் வெந்நீரில் மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் கலந்து குடித்து வருகிறேன். மிளகு சேர்த்தால்தான் மஞ்சள் உடலில் சேரும் என்கிறார்களே, உண்மையா? வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதால் கேட்கிறேன்.

பதில்: உண்மைதான், உங்களைப் பொறுத்தவரை அந்த உண்மைதான் கவலைக்குரியது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்ற சேர்மம், மஞ்சள்தூளில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கு உள்ளது. அது நீரில் எளிதில் கரையாது. உறிஞ்சப்படும் சிறு அளவையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதிகளை, மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் சிறிது நேரம் அடக்கி வைக்கிறது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். அதாவது இருபது தேக்கரண்டிக்குக் குறையாது. யாரும் அவ்வளவு குடிப்பதில்லை. ஆனால் 20 மில்லிகிராம் பைப்பரின் அரைக் கிராம் மிளகிலேயே கிடைத்துவிடும். ஆகவே உங்கள் கோப்பையில் மஞ்சள் ஆய்வில் தந்த அளவை எட்டுவதில்லை, மிளகு எட்டிவிடுகிறது. அந்த மிளகு மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்றவற்றை நிறுத்தி வைப்பதில்லை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவையும் பைப்பரின் உயர்த்துவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஃபெனிடோயின் சற்றே மிகுந்தாலும் நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம் ஆகியவை தோன்றும். நீங்கள் சாப்பிடுவது எந்த மாத்திரை என்று எழுதவில்லை. எதுவாயினும், மருத்துவரிடம் இந்தப் பானத்தைப் பற்றிச் சொல்லும்வரை அதை நிறுத்தி வையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்பாற்றல் என்பது ஊற்ற ஊற்ற நிரம்பும் தொட்டி போன்றதன்று. அது அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான் ஒவ்வாமையும், அது தன் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்களும் வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் குர்குமின் பெரும்பாலும் காட்டுவது அழற்சியைத் தணிக்கும் குணத்தை. ஆயினும் ‘எதிர்ப்பாற்றலைக் கூட்டும்’ என்ற சொல்லோடுதான் அது விற்கப்படுகிறது.

கேள்வி: சீந்தில் கேப்சூல் ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். எனக்குத் தைராய்டில் தன்னெதிர்ப்பு நோய் உண்டு. தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம் என்பதே என் கருத்து. கொரோனாக் காலத்தில் சீந்தில் உட்கொண்டவர்களுள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பலருக்கு அது தன்னெதிர்ப்பு நோயின் சாயலோடு இருந்தது. சீந்திலைக் குறை சொல்வது தவறு என்று அப்போது மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே தன் உடலையே தாக்கிக் கொண்டிருக்கும் ஒருவர் அதைத் தூண்டும் என்று சொல்லப்படும் பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. கல்லீரல் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், உடலெங்கும் அரிப்பு ஆகியவை இருந்தால் நாள் கடத்த வேண்டாம்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையின் சளிக்குத் துளசிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு துளிகூடத் தரக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோயைத் தரக்கூடும்.

கேள்வி: முகம் பொலிவு பெற எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் குழைத்துப் பூசினேன். இரண்டு நாளில் கன்னத்திலிருந்து கழுத்துவரை பழுப்பு நிறக் கோடுகள் விழுந்துவிட்டன. இது மஞ்சள் கறையா?

பதில்: மஞ்சள் கறை சில நாளில் போய்விடும், அது இப்படிக் கோடு கோடாகப் பின்னர் தோன்றுவதில்லை. சாறு வழிந்த பாதையிலேயே, தாடைக்குக் கீழே ஒழுகி நின்ற இடத்தில் அடர்ந்தும் மேலே மெலிந்தும் தழும்பு விழுந்திருந்தால், அது எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை. எலுமிச்சையில், சாற்றைவிட அதன் தோலில் மிகுதியாக, சோரலென் வகைச் சேர்மங்கள் உள்ளன. அவை படிந்த சருமத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சருமத்தின் செல்கள் வெந்து போகின்றன. ஓரிரு நாள் கழித்தே சிவப்போ கொப்புளமோ தெரியும் என்பதால் பலர் காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள். பழுப்பு நிறம் மறைய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தேய்க்காமலும் வேறு பூச்சு எதுவும் போடாமலும் வெயிலிலிருந்து காத்து வந்தால் தானே மங்கும். கொப்புளம் எழுந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் படாவிட்டாலும் எலுமிச்சை முகத்துக்கு ஆகாது. சருமத்தின் அமிலத்தன்மை பி.எச். அளவில் 5-ஐ ஒட்டியும் எலுமிச்சைச் சாற்றினது 2-ஐ ஒட்டியும் இருக்கின்றன. அந்த அளவுகோலில் மூன்று படி என்பது ஆயிரம் மடங்கு வேறுபாடு. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி சருமத்துக்கு வேண்டியதுதான், அது இல்லாமல் சருமத்துக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உடலால் நன்றாக உருவாக்க முடியாது. ஆனால் அதைத் தரவேண்டிய வழி வாய்தான்.

கேள்வி: அப்படியானால் பருவுக்குப் பூசத் தகுந்த மூலிகை ஒன்றும் இல்லையா?

பதில்: தேயிலை மர எண்ணெய்க்கு (நாம் குடிக்கும் தேயிலை அன்று, ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுப்பது) ஓரளவு சான்று உண்டு. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 5 சதவீத தேயிலை மர எண்ணெய்க் களிம்பை, பருவுக்கு வழக்கமாகத் தரும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாகவே வேலை செய்தது, ஆனால் எரிச்சலும் வறட்சியும் குறைவாக இருந்தன. நீர்க்கச் செய்யாத தூய எண்ணெயை அப்படியே தடவக் கூடாது, விழுங்கவும் கூடாது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டளவு தடவி இரண்டு நாள் பாருங்கள், ஏனெனில் ஒவ்வாமை உடனே தெரிவதில்லை. மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும் என்பதால் அதற்குமுன் பலனைத் தேட வேண்டாம். இந்த எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டால் மாறி, ஒவ்வாமை தரும் சேர்மங்கள் அதில் பெருகும். ஆகவே நிறக்கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள்; நெடுநாள் திறந்து கிடந்த பழைய புட்டியை முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.