80 டிகிரியில் ஒரு புழு – கடிதம்

வணக்கம்.

நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் 80 டிகிரி சூட்டில் ஒரு புழு வாழ்கிறது என்று வகுப்பில் சொன்னேன். "அந்தச் சூட்டில் முட்டையே வெந்துடுமே டீச்சர், புழு வேகாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேகும். 80 டிகிரியில் அந்தப் புழுவும் செத்துத்தான் போகும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வது பாம்பெய் புழு. கிழக்குப் பசிபிக்கில், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், கரும்புகை போல நீரைக் கக்கும் ஊற்றுகளின் சுவரிலேயே குழல் கட்டிக்கொண்டு வாழ்கிறது. ஊற்று நீரின் சூடு 350 டிகிரியைத் தாண்டும். கடலின் பாரம் அழுத்துவதால் கொதிப்பதில்லை. சுற்றிலும் இருப்பதோ 2 டிகிரி குளிர்நீர். இரண்டும் கலக்கும் இடத்தில் ஒரு சாண் தள்ளினாலே சூடு வேறு.

சரி, 80 எங்கிருந்து வந்தது? 1998இல் வெளியான ஆய்வுக்காக வெப்பமானியைப் புழுக்களின் குழலுக்குள் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே சராசரி 68 டிகிரி, சில நேரம் 81ஐயும் தாண்டியது. குழலின் வாயில் 22தான். ஆனால் அது குழலின் சூடு, புழுவின் உடம்புச் சூடு அல்ல. கருவியை நுழைத்தபோது குழல் சேதமாகி வெந்நீர் புகுந்திருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. அப்புறம், இந்தப் புழுவின் திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதமே 45 டிகிரி வாக்கில் குலைந்துவிடுகிறது.

புழுவையே சூடேற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மேலே கொண்டுவரும்போது அழுத்தம் குறைந்தே செத்துவிடும். 2013இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், ஆழ்கடல் அழுத்தம் குறையாத கலத்தில் புழுக்களை மேலே கொண்டுவந்து, அதே அழுத்தத்தில் சூடேற்றினார்கள். இத்தனை பொறுமையான வேலையைப் படிக்கும்போதே எனக்கு மனம் நிறைந்துவிடும். 42 டிகிரியைப் புழுக்கள் தாங்கின. 50க்கும் 55க்கும் இடையில் திசுக்கள் சிதைந்து இறந்தன.

இதன் உறவுப்புழு ஒன்று வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. ஒரு முனை குளிராகவும் மறுமுனை சூடாகவும் இருந்த தொட்டியில் அதை விட்டபோது, தானாகவே 40 முதல் 50 டிகிரி இருந்த பக்கம் போய்த் தங்கியது. 55 டிகிரியைக் கால் மணி நேரம்தான் தாங்கியது. விலங்குகளில் இதுவே பெரிய காரியம்.

முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டித்தான் கெட்டியாகத் தொடங்கும். முட்டை வேகும் முன்பே புழு செத்திருக்கும் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.