தலை கறுப்பா, மஞ்சளா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கென்யாவின் மொம்பாசாவில் எடுத்த படத்தில், கூடு பின்னும் ஆப்பிரிக்கப் பறவையான வில்லேஜ் வீவரின் ஆணுக்குத் தலை முழுக்கக் கறுப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எடுத்ததில் உச்சந்தலை மஞ்சள். இரண்டும் ஒரே இனமா? (கோவை வாசகர்)

பதில்: ஒரே இனம்தான், புளோசியஸ் குக்குலேட்டஸ். நம் தூக்கணாங்குருவியும் இதே பேரினம். ஆணின் தலையும் முதுகும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். செனகல் பக்கத்து வகைக்குக் கறுத்த தலை, செம்பழுப்புப் பிடரி. முதுகில் ஆங்கில 'வி' எழுத்துபோலக் கறுப்புப் பட்டை. கென்யக் கடற்கரையிலிருந்து மொசாம்பிக் வரை காணப்படும் நைக்ரிசெப்ஸ் என்ற வகைக்குப் பிடரிவரை கறுப்பு, புள்ளி முதுகு. தென்னாப்பிரிக்காவின் ஸ்பைலோனோட்டஸ் வகைக்கு முகமும் தொண்டையும் மட்டுமே கறுப்பு. வகைகள் சந்திக்கும் இடங்களில் இரண்டுங்கெட்டான் பறவைகளும் உண்டு. அவற்றுக்கு வகைப்பெயர் சூட்டாமல் விடுவதே நல்லது.

டர்பன் படத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். சதர்ன் மாஸ்க்ட் வீவர் என்ற வேறோர் இனமும் அங்கே உண்டு. அதன் நெற்றியில் அலகுக்கு மேல் மெல்லிய கறுப்புப் பட்டை ஓடும். முதுகில் புள்ளி இருக்காது. ஸ்பைலோனோட்டஸுக்கு மஞ்சள் அலகின் அடிவரை இறங்கும், முதுகு புள்ளிபுள்ளியாக இருக்கும். பலரும் மார்பை மட்டும் எடுத்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். முதுகு தெரிய ஒரு படம் அவசியம். பெண் பறவையை வைத்து வகை சொல்ல முயலாதீர்கள்.

கேள்வி: ஆண் வில்லேஜ் வீவர் தான் கட்டிய கூட்டைத் தானே பிய்த்துப் போடுவது ஏன்? (மதுரை வாசகி)

பதில்: பெண் ஏற்காததால். ஆண் புல் இலையின் ஓரத்தைக் கடித்து, நுனியை நோக்கிப் பறந்து நாரைக் கிழிக்கும். முதலில் கிளையில் ஒரு வளையம். பிறகு அதே வளையத்தில், திசை மாறாமல் நின்று, அலகு எட்டும் தூரம்வரை முன்னே முட்டை அறையைப் பின்னும். அறையின் அளவு அந்த எட்டலில்தான் அடங்கியிருக்கிறது. கடைசியாகக் கீழ்நோக்கிய வாசல். பச்சை நார்தான் வளையும், முடிச்சு இறுகும். கூடு பழுப்பேறினால் பெண்கள் சீந்துவதில்லை. சுமார் ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆண் அதைப் பிரித்து, அதே இடத்தில் புதிதாகத் தொடங்கும். ஏற்றுக்கொண்ட பெண் புல்பூவும் இறகும் வைத்து உள்ளே மெத்தையிடும்.

கேள்வி: மொரிஷியஸில் வில்லேஜ் வீவரின் முட்டைகள் ஒரே கூட்டிலேயே சற்று வேறுபடுகின்றனவே? (போர்ட் லூயி வாசகர்)

பதில்: காரணம், அங்கே ஒரு குயில் இல்லாததுதான். ஆப்பிரிக்காவில் டைடரிக் குயில் இதன் கூட்டில் முட்டையிடும். ஆப்பிரிக்காவில் ஒவ்வொரு பெண் வீவரின் முட்டையும் வெள்ளை, நீலப்பச்சை, புள்ளியுள்ளது, இல்லாதது என மற்றவளிடமிருந்து மாறுபடும். ஒருத்தியின் முட்டைகள் மட்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் அந்நிய முட்டையைக் கண்டுபிடித்துத் தள்ள முடிகிறது. 1886-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து உங்கள் தீவுக்கு வந்த பறவைகளுக்கு அந்தக் குயிலின் தொல்லை இல்லை. தலைமுறைகள் போகப்போக ஒரே கூட்டுக்குள் வேறுபாடு கூடியது, கூட்டுக்குக் கூடு வேறுபாடு குறைந்தது. அந்நிய முட்டையைத் தள்ளும் குணம் மறையவில்லை. ஆனால் எது தன் முட்டை என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது.