பைண்டர் மதிப்பு 0.61 வரவில்லையே, நிரலில் பிழையா?

கேள்வி: இருபரிமாண ஐசிங் மாதிரியை (கட்டத்தில் அடுக்கிய, மேலோ கீழோ நோக்கும் ஸ்பின்கள் என்ற குட்டிக் காந்தங்கள்) திறந்த எல்லையுள்ள, அதாவது எதிரெதிர் விளிம்புகள் இணையாத, சதுரங்களில் கணினியில் ஓட்டினேன். வெவ்வேறு அளவுச் சதுரங்களின் பைண்டர் கியூமுலன்ட் (காந்தமாக்கல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அளக்கும் எண்) வளைவுகள் 0.61-இல் வெட்டிக்கொள்ளவில்லை, 0.4 பக்கமே நிற்கின்றன. எங்கே தவறு?

பதில்: தவறே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் தேடும் 0.611, சுற்று எல்லை (எதிரெதிர் விளிம்புகளை இணைத்தது) கொண்ட சதுரத்துக்கு உரியது. திறந்த எல்லைச் சதுரத்துக்கு அது ஏறத்தாழ 0.396. மாறுநிலையில், அதாவது காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலையில், ஒரு ஸ்பின்னின் செல்வாக்கு சதுரத்தின் முழு அகலத்துக்கும் பரவுகிறது. விளிம்பு எப்படி இருக்கிறது என்பது நடுவிலும் தெரிந்துவிடும்.

16×16 சதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 256 ஸ்பின்களில் 60 விளிம்பில் இருக்கின்றன. அவற்றுக்கு மூன்றே அண்டை, மூலையில் இரண்டே. அதனால் ஒழுங்கு எளிதில் குலைந்து, காந்த ஏற்புத்திறனின் (வெளிக் காந்தப்புலத்துக்கு எவ்வளவு இசைகிறது என்ற அளவின்) உச்சம், மாறுநிலை வெப்பநிலையான 2.269-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. சுற்று எல்லையில் அதே உச்சம் மேலே நிற்கும். அளவு கூடக்கூட இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துசேரும். அடுக்குக்குறிகள், அதாவது மாறுநிலையை நெருங்கும்போது அளவுகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று சொல்லும் எண்கள், மாறாது: தொடர்பு நீளத்துக்கு உரிய ν = 1.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு 'தரவைப் பொருத்தித் தருகிறோம்' என்பவர்களை நம்பாதீர்கள். இரண்டு எல்லைகளின் தரவையும் ஒன்றாகக் கலப்பார்கள், ஒத்துவராத சிறிய அளவுகளைச் சத்தமில்லாமல் நீக்குவார்கள், மாறுநிலை வெப்பநிலையையும் ν-வையும் சேர்த்தே திருகுவார்கள். அப்படித் திருகினால் எந்த வளைவும் கண்ணுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்துதான் தெரியும். இந்த மாதிரிக்கு வெப்பநிலை துல்லியமாகத் தெரியும், 2/ln(1+√2). அதை அசைக்க விடாதீர்கள்.

'அடுக்குக்குறி மாறாது' என்றேன். நான்கு பரிமாணத்துக்கு மேலே போனால் அந்தப் பேச்சு செல்லாது. ஐந்து பரிமாணத்தில், மாறுநிலை வெப்பநிலையில், ஏற்புத்திறன் சுற்று எல்லையில் பக்க நீளம் L-இன் 5/2 அடுக்காக வளர்கிறது. திறந்த எல்லையில் L-இன் வர்க்கமாக மட்டுமே. அதாவது அங்கே எல்லை வளர்ச்சி விதியையே மாற்றிவிடுகிறது. இருபரிமாணப் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோய், கிடைத்த எண்ணைப் புதிய கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லை என்ன, கட்டம் சதுரமா செவ்வகமா என்று ஒரு வரிகூட இல்லாமல் பைண்டர் மதிப்பை அச்சிடும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன. மதிப்பீட்டாளர்களோ இன்னொரு தசம இலக்கம் கேட்பார்கள். எல்லையையும் வடிவத்தையும் கேட்க மாட்டார்கள். மாணவர்கள் மாதக்கணக்கில் இல்லாத பிழையைத் தேடுவது இதனால்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அதே நிரலில் எதிரெதிர் விளிம்புகளை மட்டும் இணைத்து ஒருமுறை ஓட்டுங்கள். வெட்டுப்புள்ளி 0.61-ஐ நெருங்கினால் நிரல் சரி, உங்கள் 0.4-ஐ அப்படியே எழுதலாம். நெருங்காவிட்டால் முதலில் அண்டை அட்டவணையை (எந்த ஸ்பின்னுக்கு எவை அண்டை என்ற பட்டியலை) பாருங்கள்.