முறை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 38, நடுநிலைப்பள்ளி ஆசிரியை. அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

“ஞாயிறு பள்ளிப் பொறுப்பு, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர், புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எல்லாம் என் தலையில்தான். மாமியார் பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. மகன் பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ‘பாயையும் கோயிலுக்கே கொண்டுபோய்ப் போட்டுக்கோ’ என்று சொல்லிவிட்டார். ஜெபிக்க உட்கார்ந்தால் எரிச்சல் வருகிறது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அரைமணி நேரம் மட்டும்தான் சந்தோஷம். விட்டுவிட்டால் பாவமா? விட்டால் யார் செய்வார்கள்? எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் எப்படிச் சொல்வது?”

பாவம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நம் பக்கத்துப் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனியே ஒரு கலயத்தில் போட்டுவைப்பார்கள். அது கோயிலுக்கு. பிடியரிசிக் காணிக்கையில் எத்தனையோ சபைகள் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அது ஒரு பிடிதான். வீட்டில் உலை கொதித்தால்தான் அந்தப் பிடியும் உண்டு. நீங்கள் இப்போது பானையோடு தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவினவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் அப்படிக் கைகழுவுகிறவர் இல்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்களே, படுக்கைப்புண் வராமல் பார்க்கிறீர்களே, அதையும் ஊழியக் கணக்கில் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து உங்கள் உடம்பு. ஜெபத்தில் எரிச்சல் வருகிறது என்றதும் ஆவிக்குரிய குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். இந்த வயதுப் பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வையும் எரிச்சலையும் கொடுக்கும். இந்த வாரமே இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துச் ‘சாக வேண்டும்’ என்று கேட்டபோது தூதன் உபதேசம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்து, உயிரோடு இருந்து என்ன என்கிற நினைப்பு எட்டிப்பார்த்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இந்தக் குற்ற உணர்வு எங்கிருந்து வந்தது? திருநெல்வேலி கிறிஸ்தவர்களாகிய நாம் உழைத்துத் தேய்ந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1838இல் காலமானபோது வயது 47தான். ராக்லண்ட் ஐயர் வடதிருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் போட்டு அலைந்து 1858இல் சிவகாசியில் உயிர்விட்டார். இவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மேடையில் இந்தப் பாதிக் கதையை மட்டும் சொல்லுகிறோம். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஊழியம் செய்தவர். 1891இல் அவர் காலமானது கொடைக்கானலில், அடக்கம் பண்ணினது இடையன்குடியில். மிஷனரிமார் கோடையில் மலைக்கும் குற்றாலத்துக்கும் போய் இளைப்பாறினார்கள். தேரிச் செம்மணலில் நடந்து ஊர் ஊராகப் போதித்த நம் உபதேசியார்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை, அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சுத்தமாக இல்லை. அதனால் ஓய்வில்லாமல் இருப்பதே பக்தி என்று நம் வீடுகளில் பழகிவிட்டது.

நான் 33 வருடம் சேகர ஊழியத்தில், அதாவது பல ஊர்ச் சபைகளைப் பார்க்கும் போதகர் வேலையில் இருந்தேன். என் மகனுக்கு நான்கு வயது இருக்கும். யாரோ தொலைபேசியில் அழைத்து அப்பாவைக் கேட்டார்கள். ‘அப்பா வெளியூர் ஊழியத்துக்குப் போயிருக்காங்க’ என்றான். நான் பக்கத்து அறையில்தான் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொல்லவில்லை. அப்பா என்றால் வெளியூரில் இருப்பவர் என்று பிள்ளை நினைத்திருக்கிறான். அன்றைக்கு நான் அழுதேன். அதற்கப்புறம்தான் யோவான்ஸ்நானனின் அப்பாவான சகரியா ஆசாரியனின் கதையை ஒழுங்காகப் படித்தேன்.

தாவீது காலத்தில் ஆசாரியரை 24 வகுப்பாகப் பிரித்தார்கள். 1 நாளாகமம் 24இல் பெயர் வரிசையே இருக்கிறது. சகரியா அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவர். ஒரு வகுப்புக்கு வருடத்தில் இரண்டு வாரமும் பெரிய பண்டிகை நாட்களும்தான் முறை. தூபங்காட்டும்போது தூதனையே பார்த்துவிட்ட மனுஷன், இனி ஆலயத்தைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடவில்லை. ஊழிய நாட்கள் முடிந்ததும் தன் வீட்டுக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்ன வாக்குத்தத்தம் நிறைவேறியதும் அந்த வீட்டில்தான். ஆசாரியருக்குத் துணையாகப் பணிவிடை செய்த லேவியருக்கும் ஐம்பது வயதில் பாரமான வேலையிலிருந்து விடுதலை உண்டு, அப்புறம் சகோதரருக்குத் துணையாக நின்றால் போதும் என்று எண்ணாகமம் 8 சொல்கிறது. எழுபது தாண்டியும் சங்கப் பதவியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்தால் நல்லது.

உங்களுக்கு இல்லாதது இந்த முறைதான். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடம், சனி துணிதுவைப்பும் பாட்டுப் பயிற்சியும், ஞாயிறு காலை தொடங்கி மதியம் வரை கோயில். ஐயர்மாரில் பலர் திங்கள்கிழமை இளைப்பாறுவார்கள். அன்றைக்கு நீங்கள் முதல் மணிக்கே வகுப்பில் நிற்க வேண்டும். ஏழு நாளில் உங்களுக்கு ஓய்வுநாள் எங்கே? சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எதற்கும் வரமாட்டேன் என்பதை முதலில் வையுங்கள்.

எதை விடுவது? பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அரைமணி நேரத்தைத் தொடாதீர்கள். அது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வரம், உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வகுப்பை வைத்துக்கொண்டு ஞாயிறு பள்ளிப் பொறுப்பைக் கைமாற்றுங்கள். சங்கச் செயலாளர் பதவியை விடுங்கள். பாடகர் குழுவுக்கு ஒரு வருடம் விடுப்பு. உபவாச ஜெபத்துக்கு மாதம் ஒரு வெள்ளி போதும். புதன் கூட்டத்தை, இயலும்போது உங்கள் வீட்டிலேயே மாமியார் கட்டில் பக்கத்தில் நடத்தச் சொல்லிப் பாருங்கள். கோயிலுக்கு வர முடியாத அவருக்கும் நாலு பேர் பாடுவதைக் கேட்க ஆசை இருக்கும்.

ஐயரிடம் ஞாயிறு ஆராதனை முடிந்து நிற்கிற கூட்டத்தில் சொல்லாதீர்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போங்கள். ஐயரம்மாவும் கூட இருப்பது நல்லது, அந்த அம்மாவுக்கு உங்கள் பாடு சொல்லாமலே புரியும். ‘ஐயா, மாமியாரைப் பார்க்கணும், பையனுக்குப் பரீட்சை இருக்கு. இந்த மூணு பொறுப்பையும் மூணு மாசத்துல ஒப்படைச்சிடுறேன். வகுப்பு மட்டும் எடுக்குறேன்’ என்று தேதியோடு சொல்லுங்கள். ‘முடியுமான்னு பார்க்கிறேன்’ என்று இழுத்தால் பொறுப்பு உங்களிடமே நிற்கும். நாலாவது வேலைக்குச் சரி என்றவரிடமே ஐந்தாவதையும் கொடுப்பது ஐயர்மாராகிய எங்கள் பழக்கம். நானும் அப்படிச் செய்து சில நல்ல பிள்ளைகளைக் களைக்க வைத்திருக்கிறேன். கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியானவன் அல்ல என்று யாராவது வசனம் எடுத்தால் கலங்காதீர்கள். இயேசு அதைச் சொன்னது தம்மைப் பின்பற்றுவதைப் பற்றி. சங்க நோட்டை வைத்திருப்பதைப் பற்றி அல்ல.

‘யார் செய்வார்கள்?’ என்று கேட்டீர்கள். கோயிலில் பொதுவாக அறிவித்தால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை ஒன்று உங்கள் சபையிலும் இருக்கும், அவளை இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு மாதம் அவள் உங்களோடு நிற்கட்டும், அடுத்த மாதம் அவள் நடத்த நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், மூன்றாம் மாதம் வருகைப் பதிவேடு, கணக்கு நோட்டு, பீரோ சாவி எல்லாம் அவளிடம். ஆறு மாதம் உங்கள் அளவுக்கு நடக்காது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் இரைச்சல் போடுவார்கள், கைவேலைக்கு வாங்கின தாள் போதாமல் போகும். அப்போது ஓடிப்போய் நீங்கள் எடுத்துச் செய்துவிடாதீர்கள். செய்தால் பொறுப்பு உங்களிடமே திரும்பி வந்துவிடும், அந்தப் பிள்ளையும் தனக்கு வராது என்று ஒதுங்கிவிடுவாள். அவள் கேட்டால் சொல்லுங்கள், கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

வீட்டுக்காரரிடம் வசனம் சொல்லிச் சமாதானம் பண்ண வேண்டாம். ‘நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு’ என்று மட்டும் சொல்லி, கடை மூடுகிற நேரத்துக்குச் சோறு சூடாக இருக்கும்படி ஒரு வாரம் பாருங்கள். மாமியாரைப் புரட்டுவதில் ராத்திரி ஒரு முறையை அவரும் ஏற்கட்டும். அவருக்குத்தானே அம்மா.

முதல் வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கும்போது கோயில் மணி கேட்கும், கால் தானாக வாசலுக்குப் போகும். எனக்கும் ஓய்வுபெற்ற புதிதில் அப்படி இருந்தது. அந்த நேரத்தில் மகன் பாடம் படிக்கிற இடத்தில் போய் உட்காருங்கள், கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம், சும்மா இருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். இரத்தப் பரிசோதனை முடிவையும், சாவி யார் கைக்குப் போனது என்பதையும் மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.