ஐரோப்பிய விழுமியங்களை எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கு ஐரோப்பியச் சட்டம், பொது விழுமியங்கள், டிஜிட்டல் குடிமை ஆகியவற்றை ஒரே பருவத்தில் கற்பிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவிலிருந்து தொடங்கினால் வகுப்பு சோர்ந்துவிடுகிறது. எப்படி மாற்றியமைக்கலாம்?

பதில்: 2ஆம் பிரிவைக் கடைசி வகுப்புக்கு வையுங்கள். மனித மாண்பு, சுதந்திரம், மக்களாட்சி, சமத்துவம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமைகள் என்று அது அடுக்கும் சொற்களை உங்கள் மாணவர் யாரும் மறுக்கப்போவதில்லை. மறுப்பு இல்லாத இடத்தில் விவாதம் பிறக்காது.

முதல் வாரத்திலேயே, தாம் பயன்படுத்தும் ஒரு செயலியின் நிறுவனத்துக்கு, தம்மைப் பற்றி அது வைத்துள்ள தரவுகளின் நகலைக் கேட்டு ஒவ்வொருவரும் எழுதட்டும். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் (GDPR) 15ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. முதல் நகலுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும், சிக்கலான கோரிக்கையானால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். வந்த பதிலை வகுப்பில் காட்டும்படி மட்டும் கேட்காதீர்கள். அதில் அவர்கள் சென்ற இடங்களும் உரையாடல்களும் இருக்கக்கூடும். தனியுரிமையைக் கற்பிக்கும் வகுப்பே அதை மீறுவது பெரும் பிழை. எத்தனை நாளில் வந்தது, எது விடுபட்டது என்று பேசினால் போதும்.

காத்திருக்கும் வாரங்களில் 2014ஆம் ஆண்டின் கூகுள் ஸ்பெயின் தீர்ப்பை வாசியுங்கள். சமூகப் பாதுகாப்பு நிலுவைக்காகத் தம் சொத்து ஏலத்துக்கு வந்தது பற்றி 1998இல் நாளிதழில் வெளியான அறிவிப்பு, பல ஆண்டுகள் கழிந்தும் கூகுளில் தம் பெயரைத் தேடினால் வருகிறது என்று ஒருவர் முறையிட்டார். நாளிதழ் அதை நீக்க வேண்டியதில்லை என்று ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தது. தேடல் முடிவிலிருந்து இணைப்பை அகற்றக் கோரலாம் என்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே வழக்கில் அட்வகேட் ஜெனரல் (தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்கு ஆலோசனைக் கருத்து வழங்குபவர்) தந்த கருத்து இதற்கு நேர்மாறானது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவர், தனியுரிமையையும் தரவுப் பாதுகாப்பையும் சொல்லும் ஐரோப்பிய ஒன்றிய அடிப்படை உரிமைகள் சாசனத்தின் 7, 8ஆம் பிரிவுகளைத் தீர்ப்பில் எளிதாகக் கண்டுகொள்வார். கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லும் 11ஆம் பிரிவைத் தேடச் சொல்லுங்கள். தீர்ப்பு அதைப் பெயர் சுட்டிக் குறிப்பிடவில்லை. என் கணிப்பில் பருவத்தின் மிகச் சிறந்த விவாதம் இந்த விடுபடலிலிருந்துதான் எழும். அகற்றும் கடமை உலகம் முழுவதற்கும் பொருந்தாது என்ற 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கடைசி வகுப்பில் 2ஆம் பிரிவை வாசித்து, அதன் எந்தச் சொல் இந்த வழக்குகளில் எந்தப் பக்கம் நின்றது என்று கேளுங்கள். தேர்வு வினாவும் அதுவாகவே இருக்கட்டும்.