பிராந்திய அஞ்சல்தலையில் சிங்கமும் டிராகனும் ஏன்?

ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதிக்கென்று தனி அடையாளத்துடன் அச்சிடப்படுவதே பிராந்திய அஞ்சல்தலை. பிரிட்டன் 1958-இல் இதைத் தொடங்கியது. அந்நாட்டு அஞ்சல்தலைகளில் நாட்டின் பெயரே இருக்காது. ஆளும் அரசர் அல்லது அரசியின் முகம்தான் பெயர்ப்பலகை. முகத்தை எடுக்கவும் முடியாது, ஸ்காட்லாந்துக்காரர்களின் மனம் கோணவும் கூடாது. ஆகவே முகத்தைச் சுற்றியோ மூலையிலோ குலச்சின்னம் குடியேறியது: ஸ்காட்லாந்துக்குச் சிங்கம், வேல்ஸுக்கு டிராகன், வட அயர்லாந்துக்குச் சிவப்புக் கை. விரல்நுனி அகலத்தில் எழுத்தைவிடச் சின்னம் தெளிவாகத் தெரியும் என்பது கூடுதல் வசதி.

தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சாலையில் டி.என். 75-ம் கே.எல். 01-ம் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. எண்பலகை ஊரைச் சொல்கிறது, நாடு ஒன்றே. (சின்னத்தை அஞ்சல்தலையில் பொறிப்பது நமக்கும் புதிதல்ல. திருவிதாங்கூர் அஞ்சல் 1888-இலேயே சங்கு முத்திரைத் தலை வெளியிட்டது. ஆனால் அது பிராந்தியத் தலை அல்ல, ஒரு சமஸ்தானத்தின் சொந்தத் தலை. எனக்கென்னவோ டிராகனைவிடச் சங்கே அழகு.)

ஸ்காட்லாந்துத் தலை அங்கே மட்டும்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; லண்டனில் ஒட்டினாலும் கடிதம் போகும்.