நம்ம தோலில் லூபஸ் சிவப்பாத் தெரியாது: கேள்வி பதில்

புதுச்சேரியில் தோல் சதை ஸ்லைடுகளோடு பல வருஷம் ஓட்டியவள் நான். வைத்தியம் டாக்டர் வேலை. நுண்ணோக்கியில் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே, தோலையும், தாக்கும் நோய்.

தேவனாம்பட்டினம்: அக்கா, அம்மா மீன் விக்கிறவங்க. கன்னத்துல வட்டமா ஓரம் கறுத்து, நடுவுல வெளுத்திருக்கு. படைன்னு நெனச்சு கடையில களிம்பு வாங்கிப் போட்டோம், கேக்கல. படத்துல லூபஸ் செவப்பா இருக்கே?

அந்தப் படமெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க முகம்மா. நம்ம நிறத்தில் அது ஊதாவா, சாம்பல் பூத்த கறுப்பாத் தெரியும். அம்மா காது மடல் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. செதிலும், முடித் துவாரத்தை அடைச்ச கறும்புள்ளியும் இருந்தா, வட்டவட்டமா வந்து தழும்பாக்கும் டிஸ்காய்ட் லூபஸ் சந்தேகம் வலுக்கும். தலையில் முடி போய் வழவழன்னு இருக்கான்னும் பாரு. தழும்பு விழுந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது. களிம்பை விட்டுட்டுத் தோல் டாக்டரிடம் கூட்டிட்டுப் போ.

வில்லியனூர், எம்.எஸ்ஸி. மாணவி: சி.டி. 8, சி.டி. 123 மார்க்கர்கள் எதைக் காட்டுகின்றன? கறுத்த தோலில் வேறுபடுமா மேடம்?

மார்க்கர் என்பது செல் வகையை அடையாளம் காட்டும் புரதம்; அதற்குச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். சி.டி. 8, மற்ற செல்லைக் கொல்லும் எதிர்ப்புச் செல்லான டி செல்லைக் காட்டும். மேல்தோலின் அடிவரிசையைத் தாக்குவது அதுதான். சி.டி. 123-க்கு ஏற்றினால் பிளாஸ்மசைட்டாய்ட் டென்ட்ரிடிக் செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்கள் கொத்துக்கொத்தாகத் தெரியும். எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் டைப் 1 இன்டர்ஃபெரானைக் கொட்டுபவை அவை. அதே செல்லின் பி.டி.சி.ஏ. 2 என்ற புரதத்தைக் குறிவைக்கும் லிட்டிஃபிலிமாப் மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவு 2022-ல் வந்தது.

எந்த நிறத் தோலிலும் வருவது இந்தச் செல்கள்தான். சிக்கல் வேறு இடத்தில். அடிவரிசை உடைந்ததும் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கீழே கொட்டுகிறது, அதைக் கழிவை விழுங்கும் செல்களான மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகின்றன. நோய் அடங்கியும் கறை போகாதது அதனால்தான். மார்க்கருக்கு வழக்கமாக ஏற்றும் சாயமும் பழுப்பு, மெலனினும் பழுப்பு! வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிறமித் துகளையெல்லாம் செல் என்று எண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிவப்புச் சாயத்தில் மறுபடி ஏற்றியபோது, எண்ணிய செல்களில் பாதி காணாமல் போனது.

நெல்லிக்குப்பம்: லூபஸுக்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையால் கண் போயிடுமா?

தினம், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, 5 வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம். பீடி, சிகரெட் இருந்தால் நோய் மருந்துக்குச் சரியாக மசியாது.

முத்தியால்பேட்டை: கறுப்பா இருக்கோம், சன்ஸ்கிரீன் எதுக்கு?

மெலனின் முழுக் கவசமில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கறையைக் கூட்டும் என்பதால் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வகை நல்லது.

தேவனாம்பட்டினம்: அக்கா, காதுக்குள்ள இருக்கு. சதை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க.

பயப்படாதே, பெரும்பாலும் 4 மில்லிமீட்டர்தான். வெளுத்த நடுவில் ஒண்ணும் மிச்சமிருக்காது, நோய் ஓடுற ஓரத்தில்தான் எடுப்பாங்க. இம்யூனோஃபுளூரசன்ஸும் (எதிர்ப்புப் புரதங்களை ஒளிர வைத்துப் பார்க்கிற சோதனை) எழுதியிருந்தா அந்தத் துண்டுக்குத் தனி சீசா, தனித் திரவம். சாதாரணத் துண்டைப் போட்டு வைக்கிற ஃபார்மலின் திரவத்தில் போட்டால் அந்தச் சோதனை வீண். ஒரே சீசாவைக் கையில் கொடுத்தா, வாங்கறதுக்கு முன்னால கேட்டுடு.